விருந்தாளிக்குக் காட்டாத மும்பை

ஊரிலிருந்து விருந்தாளி வருகிறார் என்று தகவல் வந்துவிட்டால் மும்பைத் தமிழ் வீடுகளில் இரண்டு காரியங்கள் உடனே நடக்கும். பக்கத்து வீட்டில் பாயும் தலையணையும் இரவல் சொல்லி வைப்பார்கள். பிறகு, எங்கெங்கே கூட்டிப் போவது என்று பட்டியல் போடுவார்கள்.

பட்டியல் ஏறக்குறைய மாறாதது. முதல் நாள் கேட்வே ஆஃப் இந்தியா, வெளியில் நின்றபடி தாஜ் ஹோட்டல், நேரம் இருந்தால் எலிஃபண்டா படகு. இரண்டாம் நாள் மகாலட்சுமி கோவில், ஹாஜி அலி, மலபார் ஹில் தொங்கும் தோட்டம், சித்தி விநாயகர். மூன்றாம் நாள் பாந்த்ராவில் ஷாருக் கான் பங்களா வாசல், மாலையில் ஜுஹு கடற்கரையில் பேல்பூரி. திரும்பும் வழியில் டாக்ஸிக்காரரிடம் கெஞ்சிக் கடல் பாலம். நான்காம் நாள் துணிமணி வாங்குவது. ஐந்தாம் நாள் ரயில்.

தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் இருக்கும் தையல்காரரும், மாட்டுங்காவில் மூன்றாம் தலைமுறையாகக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியும், செம்பூரில் ஃபிளாட் வாங்கிவிட்ட இன்ஜினீயரும் போடுவது இதே பட்டியல்தான். மற்றபடி இந்த மூவரும் ஒரே பந்தியில் உட்கார்வது அபூர்வம். மூவரும் ஒத்துப்போகும் இன்னொரு விஷயமும் உண்டு. பட்டியலில் தாராவி இருக்காது. மாட்டுங்காவும் செம்பூரும் இருக்காது. விருந்தாளி தூங்கி எழும் பேட்டை, பார்க்க வேண்டிய இடமாக யாருக்கும் தோன்றுவதில்லை.

பட்டியலைக் குறை சொல்வதற்கில்லை. ஒன்றரை நாள் ரயிலில் வந்தவர் கேட்வேயைப் பார்க்காமல் ஊர் திரும்பினால் அவருக்கு ஊரில் மரியாதை இருக்காது. ஆனால் அந்தக் கல் வளைவின் கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கியதன் நினைவாகக் கட்டப்பட்டது அது. அவர் வந்தபோது அங்கே நின்றது அட்டையில் செய்த மாதிரிதான். அடிக்கல் 1913இல் வைக்கப்பட்டது. கட்டி முடிந்தது 1924இல். 1948 பிப்ரவரியில் இந்தியாவில் எஞ்சியிருந்த கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு அதே வளைவு வழியாகத்தான் கப்பலேறியது. வரவேற்புக்குக் கட்டிய வாசல் வழியனுப்பத்தான் சரியாகப் பயன்பட்டது.

தொங்கும் தோட்டமும் அப்படித்தான். விருந்தாளி அண்ணாந்து பார்க்கிறார், எதுவும் தொங்கவில்லை. நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் பெரிய தொட்டியின் மேல்மூடியில் போட்ட பூங்கா அது. விக்டோரியா டெர்மினஸ் என்று பிறந்து சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ் என்று பெயர் மாறிய ரயில் நிலையம் 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. விருந்தாளி அதில்தான் வந்து இறங்குகிறார். ஆனால் பெட்டியை எண்ணும் அவசரத்தில் மேலே நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பட்டியலிலேயே தமிழ் விருந்தாளிக்கு மிகவும் நெருக்கமாக வேண்டியது எலிஃபண்டா. கேட்வேயிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். பிறகு நூற்றுச் சொச்சம் படிகள். திங்கட்கிழமை போனால் குகை பூட்டியிருக்கும். உள்ளே ஏறக்குறைய 20 அடி உயரத்தில் மூன்று முகச் சிவன். சுற்றிலும் கங்கையைத் தாங்கும் சிவன், கயிலையை அசைக்கும் இராவணன், அர்த்தநாரி, உமையின் திருமணம், கை கால் உடைந்த நடராசர். தேவாரம் காதில் விழுந்து வளர்ந்த எந்தக் கிழவிக்கும் இந்தக் கதைகளைச் சொல்ல வழிகாட்டி தேவையில்லை. ஆனால் அங்கே தினப்படி பூசை கிடையாது, விபூதி கிடையாது என்று தெரிந்ததும் பலருக்குச் சுவாரசியம் போய்விடுகிறது. தீவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கல் யானையும் இப்போது அங்கே இல்லை. அது பைகுல்லா உயிரியல் பூங்கா வளாகத்தில் நிற்கிறது.

இதெல்லாம் விருந்தாளியை வெளியே அழைத்துப் போகும் சுற்றுலா. எதிர்த்திசையில் இன்னொரு சுற்றுலா நடக்கிறது. 2000களின் நடுவிலிருந்து வெளிநாட்டுப் பயணிகள் காசு கொடுத்துத் தாராவியைப் பார்க்க வருகிறார்கள். 2008இல் வந்த ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ அடுத்த ஆண்டு எட்டு ஆஸ்கர்களை அள்ளியதும் கூட்டம் பெருகியது. 2019இல் ஒரு சர்வதேசப் பயண இணையதளத்தின் தரவரிசையில் இந்தியாவில் பயணிகள் அதிகம் விரும்பும் அனுபவங்களில் தாராவி நடை தாஜ்மஹாலை முந்திவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. மஹிம் ரயில் நிலையப் பக்கமிருந்து ஐந்தாறு பேர் கொண்ட குழு, முன்னால் ஒரு இளைஞர், தோளில் தண்ணீர் பாட்டில் என்று தினமும் காலையில் பார்க்கலாம். நல்ல நிறுவனங்கள் புகைப்படம் எடுக்கத் தடை போட்டிருக்கின்றன. லாபத்தில் பெரும்பங்கை அங்கேயே கல்விக்குச் செலவிடும் நிறுவனமும் உண்டு.

தாராவித் தமிழர்களுக்கு இதில் இரண்டு மனம். வறுமையை டிக்கெட் போட்டு விற்கிறார்களே என்று சிலருக்குக் கோபம். நம் உழைப்பைப் பார்க்கக் கடல் கடந்து வருகிறார்களே என்று சிலருக்குப் பெருமை. இரண்டு தரப்புமே தங்கள் சொந்த மாமாவை அந்தச் சந்துகளில் சுற்றிக் காட்டுவதில்லை. லண்டன்காரருக்குத் தெரியும் பதின்மூன்றாம் காம்பவுண்டு, திசையன்விளைக்காரருக்குத் தெரியாது.

திசையன்விளைக்காரருக்குத் தெரிந்த தாராவி வேறு. அது சினிமாவில் பார்த்தது. 1987இல் ‘நாயகன்’ படத்துக்காகத் தோட்டா தரணி சென்னையில் ஸ்டூடியோவுக்குள் ஒரு தாராவியைக் கட்டினார். 2018இல் ‘காலா’வுக்கும் சென்னையில்தான் பெரிய தாராவி செட் போடப்பட்டது. ஆக, தமிழ்நாடு மனப்பாடமாக அறிந்த தாராவியின் பெரும்பகுதி சென்னையில் கட்டப்பட்டு, படப்பிடிப்பு முடிந்ததும் பிரிக்கப்பட்டது. அசலைப் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் அசலைத் தவிர்த்துவிட்டு ஜுஹுவுக்குப் போகிறார்கள்.

ஏன் இந்தத் தயக்கம்? வெட்கம் ஒரு காரணம். ஊரில் ‘பம்பாயில் இருக்கிறான்’ என்ற சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. பொதுக் கழிப்பறை வரிசையை விருந்தாளி கண்ணால் பார்த்தால் அந்த மதிப்பு குறைந்துவிடும். அச்சமும் ஒரு காரணம், அது பழையது. 1966இல் தொடங்கிய சிவசேனை தன் முதல் எதிரியாகத் தென்னிந்தியர்களைத்தான் கண்டது. லுங்கிக்காரர்களை விரட்டு என்ற முழக்கம் தெருவில் கேட்டது. உடுப்பி ஹோட்டல்களின் கண்ணாடிகள் உடைந்தன. அந்தத் தலைமுறை ஒரு பாடம் கற்றுக்கொண்டது. பேட்டைக்குள் தமிழனாக இரு, வெளியே சத்தம் போடாதே. தன் பேட்டையைப் பெருமையாகக் காட்டுவதும் ஒரு வகையில் சத்தம் போடுவதுதான்.

தமிழர்களுக்கு ஊர் பார்க்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. சிலப்பதிகாரத்தில் அதற்கென்றே ஒரு காதை இருக்கிறது. ஊர்காண் காதையில், கண்ணகியைக் கவுந்தியடிகளின் பொறுப்பில் விட்டுவிட்டுக் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கிறான். அவன் பார்ப்பவற்றில் மணிகள் விற்கும் தெரு உண்டு, துணிக்கடைத் தெரு உண்டு, தானியக் கடைத் தெருவும் உண்டு. புகாரைச் சொல்ல வரும்போதும் இளங்கோ அப்படித்தான் செய்கிறார். பட்டினப்பாக்கத்து அரசவீதிக்கு முன்பாக, கடலை ஒட்டிய மருவூர்ப்பாக்கத்தை விவரிக்கிறார். பிட்டு விற்பவர், மீன் விற்பவர், உப்பு விற்பவர், கன்னார், தச்சர், கொல்லர், பொற்கொல்லர், துணி தைப்பவர், தோல் தைப்பவர், அயல்நாட்டிலிருந்து கலமேறி வந்து கலந்து வாழ்பவர் என்று ஒவ்வொருவருக்கும் அந்தக் காவியத்தில் இடம் இருக்கிறது. ஒரு ஊரின் சிறப்பைச் சொல்ல அங்கே வேலை செய்கிறவர்களை வரிசைப்படுத்துவதுதான் தமிழின் பழைய முறை.

அந்த மருவூர்ப்பாக்கத்துப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தாராவிக்குள் நடந்தால் பெரும்பாலான பெயர்களுக்கு எதிரே ஆள் கிடைப்பார்கள்.

முதலில் மீனவர்கள். தாராவியின் ஆதிக்குடிகள் கோலிகள். மஹிம் கழிமுகத்தில் மீன் பிடித்த அவர்களின் கோலிவாடா இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது, மீன்தான் இல்லை. அடுத்து ஒரு கோட்டை. தாராவி பஸ் டிப்போவுக்கு அருகில், குடிசைகளுக்கு நடுவே காலா கில்லா என்ற கறுங்கல் கோட்டை நிற்கிறது. பம்பாய் கவர்னர் ஹார்ன் உத்தரவின்படி 1737இல் கட்டப்பட்டதாக அதன் கல்வெட்டு சொல்கிறது. வடக்கே போர்ச்சுக்கீசியர், மராட்டியர் என்று ஆங்கிலேயருக்கு அச்சம் இருந்த காலம் அது. விருந்தாளியைக் கூட்டிப் போகும் கேட்வேயைவிட ஏறக்குறைய 190 வயது மூத்த கட்டடம். அதற்கு டிக்கெட்டும் இல்லை, வரிசையும் இல்லை.

பிறகு தோல் தைப்பவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம்கள் இந்தச் சதுப்பு நிலத்தில் தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கினார்கள். நகரத்துக்கு நாற்றம் ஆகாது, தோலும் வேண்டும். ஆகவே நகரத்தின் ஓரம். அந்தத் தொட்டிகளில் இறங்கி வேலை செய்ய அதே சீமையிலிருந்து ஆதிதிராவிடர்கள் வந்தார்கள். பஞ்சமும் சாதியும் ஊரில் துரத்த, நாற்றம் பிடித்த வேலையானாலும் கூலி உண்டு என்று வந்தவர்கள். 1887இல் தொடங்கிய பெரிய பள்ளிவாசலும் 1913இல் எழுந்த பிள்ளையார் கோவிலும் அந்தக் காலத்தின் சாட்சிகள். பதனிடும் தொட்டிகள் பெரும்பாலும் போய்விட்டன. இன்று அங்கே பையும் பெல்ட்டும் பர்ஸும் தயாராகின்றன. பெரிய கடைகளில் வேறு பெயர் ஒட்டிக்கொண்டு விற்கப்படுகின்றன.

மண்பாண்டக்காரர்களும் உண்டு. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பர்வாடாவில் வீட்டு முற்றமே சூளை. தீபாவளிக்கு மும்பை ஏற்றும் அகல் விளக்குகளில் பெரும்பகுதி அங்கே சுட்டெடுக்கப்படுகிறது. பிட்டு விற்பவரின் இடத்தில் இட்லி விற்பவர். விடியுமுன்பே தாராவியின் தமிழ் வீடுகளில் ஆவி பறக்கும். அலுமினியப் பாத்திரங்களில் இட்லி, வாளியில் சட்னி; சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ரப்பர் ஹார்னை அமுக்கியபடி ஆண்கள் நகரின் மூலைமுடுக்கெல்லாம் கிளம்பிவிடுவார்கள். பாந்த்ரா காவலாளியும் வொர்லி குமாஸ்தாவும் காலையில் சாப்பிடுவது தாராவிச் சமையல். அது அவர்களுக்கே தெரியாது.

தொண்ணூறு அடி ரோட்டில் நடந்தால் கடைப்பலகைகள் தமிழில் பேசும். மாவு அரைக்கும் கடை, தங்க நகைக் கடை, தென்மாவட்டத்துக்குப் பஸ் டிக்கெட் போடும் கடை, காமராஜர் பெயரில் பள்ளிக்கூடம். பொங்கல் அன்று தெருவோரம் வரிசையாக அடுப்பு வைத்துப் பெண்கள் பொங்கலிடும் காட்சியைப் படம் பிடிக்கப் பத்திரிகைக்காரர்கள் வருவது வழக்கம். திருநெல்வேலி டவுனில்கூட அவ்வளவு நீள வரிசையை இப்போது பார்ப்பது கஷ்டம்.

கடைசியாக ஒரு காடு. டிப்போவுக்கு எதிரே 37 ஏக்கரில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா. ஒரு காலத்தில் நகரத்தின் குப்பையைக் கொட்டிய மேடு அது. 1980களில் மண் போட்டு மரம் நட்டார்கள். 1994இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். மித்தி ஆற்றங்கரையில் அந்த நிழலில் நின்றால் எதிரே பாந்த்ரா–குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். தாராவியின் நிலம் ஏன் திடீரென்று எல்லோருக்கும் பிடித்துப்போனது என்று அங்கே நின்றால் யாரும் விளக்காமலே புரியும்.

தாராவியிலிருந்து மாட்டுங்கா நடந்து போகும் தூரம். நடுவில் இருப்பது மத்திய ரயில்வேயின் தண்டவாளம்தான். ஆனால் இரண்டு தமிழர் கூட்டங்களுக்கு இடையில் அது பல தலைமுறைத் தூரம்.

1896இல் பிளேக் நோய் பம்பாயை உலுக்கிய பிறகு, 1898இல் தொடங்கிய நகர மேம்பாட்டு டிரஸ்ட் வடக்கே புதுப் பேட்டைகளைத் திட்டமிட்டு அமைத்தது. நேர்த் தெரு, மரம், பூங்கா என்று வகுத்த மாட்டுங்காவில் 1920, 30களில் குடியேறியவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் படித்து ஆபீஸ் வேலைக்கு வந்த தமிழ்ப் பிராமணர்கள், பாலக்காட்டுக்காரர்கள். அந்தக் கட்டடங்களைச் சாதாரணமாகக் கடந்து போய்விடக் கூடாது. வரலாற்றாசிரியர் நிகில் ராவ் இந்தப் பேட்டைகளைப் பற்றி 2013இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். பொதுக் கழிப்பறை கொண்ட சால் வீடுகளின் நகரத்தில், கழிப்பறையை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்த நடுத்தர வர்க்க ஃபிளாட் வாழ்க்கை வேரூன்றிய இடங்களில் ஒன்று மாட்டுங்கா. ஆசாரம் பார்த்த குடும்பங்கள் வீட்டுக்குள் கழிப்பறையா என்று முதலில் முகம் சுளித்தன, பிறகு பழகிக்கொண்டன. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு முகம் சுளிக்கும் வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை.

விருந்தாளியைக் காலை ஏழு மணிக்கு மாட்டுங்கா மார்க்கெட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். மல்லிகைச் சரம், வாழை இலைக் கட்டு, சேனைக்கிழங்கு, முருங்கைக்காய், வாழைப்பூ, காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை. எந்த ஊர் என்று ஒரு நிமிடம் குழம்பிவிடுவார். 1940இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ் வாசலில் ஞாயிற்றுக்கிழமை காத்திருக்கும் கூட்டத்தில் பாதி குஜராத்தியில் பேசும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. மும்பை ‘மெட்ராஸி சாப்பாடு’ என்று பெயர் வைத்துச் சாப்பிட்டதைப் பெரும்பாலும் சமைத்தவர்கள் உடுப்பியிலிருந்து வந்த கன்னடக்காரர்கள். ரயில் நிலையத்தை ஒட்டி 1942 முதல் இலை போட்டுப் பரிமாறும் ராமநாயக்கின் உடுப்பி கிருஷ்ணா போர்டிங்கும் அந்த வகைதான். அதே மாட்டுங்கா நிலையத்தில் 2017இல் ஸ்டேஷன் மாஸ்டர் முதல் போர்ட்டர் வரை அனைவரும் பெண்களாக நியமிக்கப்பட்டார்கள். நாட்டிலேயே அப்படி அமைந்த முதல் புறநகர் நிலையம் அது.

கிங்ஸ் சர்க்கிளுக்கு வடக்கே சண்முகானந்தா அரங்கம். 1963இல் திறந்தது, 1990இல் தீப்பிடித்தது, எட்டு ஆண்டுகள் சபைக் கச்சேரிகள் வாடகை மேடைகளில் நடந்தன, 1998இல் மீண்டும் திறந்தது. மாட்டுங்காவின் கர்வம் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறது. அந்த மேடையில் பாடியவர்களின் பெயர்களை மாட்டுங்காக் கிழவர்கள் தேதியோடு சொல்வார்கள். தாராவியின் பிள்ளையார் கோவில் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால் அவர்களில் பலருக்குத் தெரியாது. தாராவிக்காரர்களிலும் சண்முகானந்தாவுக்குள் நுழைந்து பார்த்தவர்கள் குறைவு. விருந்தாளிக்குக் காட்டாதது மட்டும் இல்லை, இவர்கள் ஒருவருக்கொருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

மாட்டுங்காவில் வாடகை ஏறியபோது இளைய தலைமுறை நகர்ந்த இடம் செம்பூர். பிரிவினைக்குப் பிறகு சிந்தி அகதிகளுக்கு முகாம் போட்ட இடம் அது. பக்கத்தில் ட்ராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையமும் உரத் தொழிற்சாலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வந்தன. அவற்றோடு தமிழ் இன்ஜினீயர்களும் டெக்னீஷியன்களும் வந்தார்கள். சேடா நகரில் அவர்கள் கட்டிய முருகன் கோவிலுக்குத் திருச்செம்பூர் என்று பெயர் வைத்தார்கள். திருச்செந்தூரை இரண்டே எழுத்து மாற்றத்தில் அரபிக்கடலோரம் கொண்டுவந்துவிட்ட அந்தத் துணிச்சலுக்காகவே அங்கே ஒரு முறை படியேறலாம்.

செம்பூரில் பழைய பட்டியலில் ஓரிடம் இருந்தது. 1948இல் ராஜ் கபூர் தொடங்கிய ஆர்.கே. ஸ்டூடியோ. வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத விருந்தாளி கிடையாது. 2017இல் தீப்பிடித்தது; அடுத்த ஆண்டே விற்பதாக அறிவிப்பு வந்தது; இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடி. இந்த நகரத்தில் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்ட இடம் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

செம்பூரின் ஓரத்தில் மாஹுல். குளிர்காலம் தொடங்கி மே மாதம் வரை அங்கே சேற்றுப் பரப்பில் ஆயிரக்கணக்கான பூநாரைகள் நிற்கும். தானே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015இல் பூநாரைச் சரணாலயம் ஆனது. 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. கேமராவோடு வருகிறவர்கள் படகில் ஏறிப் பறவைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்கள் பார்க்காத இன்னொன்று அதே மாஹுலில் இருக்கிறது. நகரின் பிற பகுதிகளில் குடிசை இழந்தவர்களைக் கொண்டுவந்து வைத்த அடுக்குமாடிகள். சுற்றிலும் ஆலைகள். காற்று மாசு உடல்நலத்துக்கு ஆபத்தாக இருக்கிறது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது. அங்கே வாழ முடியாது என்று குடியிருப்போர் தொடுத்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் வேறு இடமோ வாடகைப் பணமோ கொடுக்கச் சொன்னது. பறவை பிடிக்காவிட்டால் பறந்து போய்விடும். வீடு கிடைத்தவர் நீதிமன்றப் படியேற வேண்டும்.

மாஹுலைத் தாராவிக்காரர்கள் இப்போது அடிக்கடி பேசுகிறார்கள். காரணம் இருக்கிறது. 1985இல் ராஜீவ் காந்தி வந்து பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்ததிலிருந்து தாராவியை மாற்றி அமைக்கும் திட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 2022 நவம்பரில் ஏலத்தை அதானி குழுமம் எடுத்தது. 2000ஆம் ஆண்டு தொடக்கத்துக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை நிரூபிப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது திட்டம். மாடியில் இருப்பவருக்கும் பின்னால் வந்தவருக்கும் வேறு இடம். அதற்காக 2024இல் மாநில அரசு ஒதுக்கிய நிலங்களில் ஒன்று செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைமேட்டின் ஒரு பகுதி. 1920களிலிருந்து நகரம் குப்பை கொட்டிய மேடு. ஒரு குப்பைமேட்டைக் காடாக்கிக் காட்டிய பேட்டைக்காரர்களில் சிலருக்கு இன்னொரு குப்பைமேட்டில் இடம்.

தாராவி இப்படியே இருக்கட்டும் என்று வெளியே இருந்து சொல்வது எளிது. பொதுக் கழிப்பறையில் வரிசை நின்ற எந்தப் பெண்ணும் அப்படிச் சொல்ல மாட்டாள். மாட்டுங்காவுக்கு 1930களில் கிடைத்த கதவு போட்ட கழிப்பறை தாராவிக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு தாமதமாக வருகிறது. அது வரட்டும். கேள்வி வேறு. இட்லி அடுப்பும் தையல் மிஷினும் சூளையும் தோல் மேசையும் 350 சதுர அடிக்குள் எந்த மாடியில் ஏறும்? தாராவியில் வீடும் பட்டறையும் ஒன்றுதான். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது என்ன என்ற கேள்விக்கு இன்னும் யாரும் குயவர்களுக்குப் புரியும்படி பதில் சொல்லவில்லை.

இதில் விருந்தாளி என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். இடிப்பதை அவரால் நிறுத்த முடியாது. ஆனால் ஒரு இடம் போகும்போது அங்கே என்ன இருந்தது என்று சொல்ல ஆள் வேண்டும். தாராவியைப் பற்றி உலகத்துக்குச் சொல்கிறவர்களில் லண்டன்காரரும் நியூயார்க்காரரும் இருக்கிறார்கள். அந்த மண்ணைத் தொட்டியில் நின்று மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களின் ஊர்க்காரர்களும் அந்தக் கணக்கில் குறைவு. சிலப்பதிகாரம் பேர்பேராகச் சொன்னதால்தான், கடல் கொண்ட புகாரில் தோல் தைத்தவர் இருந்தார் என்று இன்று தெரிகிறது.

ஆகவே பட்டியலில் ஒரு நாளைக் கூட்டினால் போதும். விடியுமுன் தாராவியில் இட்லி அடுப்பு. ஏழு மணிக்குத் தண்டவாளம் கடந்து மாட்டுங்கா மார்க்கெட், பிறகு காப்பி. வெயில் ஏறுமுன் திரும்பி வந்து காலா கில்லாவும் கும்பர்வாடாவும். மதியம் இயற்கைப் பூங்காவின் நிழல். மாலையில் செம்பூர் முருகன். ஜுஹுவை மறுநாளைக்குத் தள்ளினால் கடல் கோபித்துக்கொள்ளாது.

இந்தச் சுற்றுலாவில் செலவு பஸ் டிக்கெட்டும் காப்பியும்தான். வழிகாட்டியைத் தேடி அலையவும் வேண்டாம். எந்தச் சந்தில் எந்தத் தொட்டி இருந்தது, எந்த வருஷம் யார் கடை உடைந்தது, எந்தக் கோவிலுக்கு யார் மண் சுமந்தார்கள் என்பதெல்லாம் தெரிந்தவர் பெரும்பாலும் வீட்டிலேயே, கட்டிலோரத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இதுவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.